நீரிழிவுக்கு உபவாசமா, சாப்பிட்டபின் நடையா?

இயற்கை மருத்துவத்தின் இந்த இரண்டு வழிகளும் இரண்டாம் வகை நீரிழிவுக்கானவை. முதல் வகைக்காரர்கள் இன்சுலினை நிறுத்திவிட்டு எதையும் முயலக் கூடாது.

உபவாசத்தில் சர்க்கரை சட்டென இறங்கும். எடையும் கல்லீரல் கொழுப்பும் குறைந்தால்தான் பலன் நிலைக்கும். சிக்கல் மாத்திரையில். கிளிமிபிரைடு போன்றவை வயிறு காலியா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும். சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். உடனே 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். டபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு: சர்க்கரை மீட்டரில் எண் பெரிதாக ஏறாமலே, கொழுப்பு கரையும்போது உருவாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் கூடிக்கொண்டிருக்கலாம். வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழச்சாறு மட்டும் குடிக்கும் 'உபவாசம்' (அதையும் உபவாசம் என்றே சொல்கிறார்கள்) இன்னும் மோசம். நார் போய்விடும், சர்க்கரை மிஞ்சும்.

நடையின் கணக்கு எளிது. சுருங்கும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட அரை மணிக்குள் கிளம்பி 10–15 நிமிடம் நடந்தால் போதும். இரண்டு மணி கழித்துப் போனால் பெரும்பாலும் சர்க்கரை அதன் உச்சத்தைத் தாண்டியிருக்கும். பாதம் மரத்துப்போனவர்கள் காலணியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போடவும். உள்ளே கல் கிடந்தாலும் உறைக்காது, புண்ணானபின்தான் தெரியும்.

எங்கள் ஓட்டு நடைக்கே. உபவாசம்தான் வேண்டுமென்றால், முதல் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரை அளவை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.