சர்வர் நின்றதில்லை, மெயில்தான் போய்ச் சேரவில்லை

ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் நண்பர் கடைக்கு வெப்சைட் போடப் போகிறார். சைட்டை வைத்து ஓட்ட எந்த ஹோஸ்டிங் நல்லது என்று கேட்டார். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. வேலூரில் சிஎம்சி மருத்துவமனை பக்கத்தில் எங்கள் லாட்ஜ். சில வருடங்களாக ஒரே கம்பெனியின் ஷேர்டு ஹோஸ்டிங்கில்தான், அதாவது பல சைட்டுகள் பங்குபோடும் ஒரு சர்வரில்தான், சைட் ஓடுகிறது. கம்பெனி பெயர் வேண்டாம், ஷேர்டு ஹோஸ்டிங் எங்கே எடுத்தாலும் நான் சொல்லப்போகும் மெயில் தொல்லை வரலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 99.9% அப்டைம், அதாவது அவ்வளவு நேரம் சைட் நிற்காமல் ஓடும் என்பது அவர்கள் வாக்கு. அப்படியென்றால் மாதத்துக்கு 43 நிமிடம் போல சைட் நின்றாலும் அவர்கள் வாக்குத் தவறியதாகாது. எங்களுக்கு அந்த அளவுக்குக்கூட நின்றதாக நினைவில்லை. சர்வர் மும்பையில் இருப்பதால் கொல்கத்தாவிலிருந்து மொபைலில் திறந்தாலும் சட்டென்று வருகிறது. சைட்டின் பாதுகாப்புச் சான்றான எஸ்எஸ்எல் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. நடு ராத்திரியில் சாட்டில் கேட்டாலும் ஆள் வந்து பதில் சொல்கிறார், அதுவும் பொறுமையாக.

மெயில் விஷயத்தில்தான் பொறுமை போய்விட்டது. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் பக்கத்து நோயாளிகளும் கூட வருபவர்களும். சைட்டில் தேதியைப் போட்டு அனுப்புவார்கள், நாங்கள் எங்கள் சைட் பெயரிலேயே (டொமைன்) இருக்கும் மெயிலிலிருந்து 'ரூம் உறுதி' என்று பதில் போடுவோம். அது அவர்களுடைய ஸ்பேமில் போய் விழுந்துவிடும். ஒருநாள் விடியற்காலை காட்பாடியில் இறங்கி, ஸ்கேன் கவரும் பெட்டியுமாக ஒரு அப்பாவும் மகளும் ரிசப்ஷனில் வந்து நின்று, ரூம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்கள். அவர்கள் பெயரில் முந்தின நாளே ரூம் எடுத்து வைத்திருந்தோம், சாவியில் பெயர்ச்சீட்டுகூடக் கட்டியிருந்தது. பதில் வரவில்லை என்று ரயிலில் இரவு முழுக்க அந்தப் பெண் தூங்கவில்லையாம். இவர்களாவது வந்தார்கள், வராமலே வேறு இடத்துக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

மெயில் உண்மையிலேயே எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்டுகளைப் போடச் சொன்னது ஹோஸ்டிங் கம்பெனி, போட்டோம். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' திறந்து பார்த்தால் இரண்டுக்கும் நேரே 'பாஸ்' என்றுதான் இருந்தது, ஆனாலும் மெயில் ஸ்பேமில்தான். காரணம் ஐபி, அதாவது இணையத்தில் சர்வரின் முகவரி எண். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சைட்டுகள் இருக்கும், எல்லோருடைய மெயிலும் ஒரே ஐபியிலிருந்து போகும். அதில் யாரோ ஒருவருடைய வேர்ட்பிரஸ் சைட் ஹேக் ஆகி ஸ்பேம் கொட்டினால் அந்த ஐபியே ஸ்பேம் அனுப்புகிறவர்களின் பிளாக்லிஸ்டில் ஏறிவிடும். சில ஆபீஸ் மெயில்களுக்கு அனுப்பினால் 550 என்று தொடங்கும் ஒரு வரியோடு நேராகத் திரும்பியே வந்துவிடும். புகார் கொடுத்தால் ஐபி மாற்றித் தருவார்கள், கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் பழையபடிதான். ஒவ்வொரு முறையும் 'எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். ரூம் இருந்தும் நோயாளியைத் தவிக்க விட்டதில் எது சரி?

கடைசியில் சைட்டை அங்கேயே விட்டுவிட்டு, டொமைனுக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றி, மெயிலை மட்டும் தனியாக ஒரு மெயில் சேவைக்குக் கொண்டுபோனோம். மெயில்பாக்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், கட்டலாம், தப்பே இல்லை. அன்றிலிருந்து பதில் போய்ச் சேரவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

விலை பற்றி ஒன்று. விளம்பரத்தில் மாதம் இவ்வளவு என்று போடுவது மூன்று நான்கு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் விலை, அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள், அந்த விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டொமைனை ஹோஸ்டிங் கம்பெனியிடமே வாங்காமல் வேறு இடத்தில் வைத்திருங்கள், சண்டை வந்தால் கிளம்புவது சுலபம்.

இப்போது எங்களுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனாலும் இந்த முறை நான் புதுப்பிக்கப் போவதில்லை. அந்தப் பெண்ணின் முகம் மறக்கவில்லை, அந்தக் கம்பெனிக்கு இன்னொரு தடவை பணம் அனுப்ப எனக்கு மனசு வராது. ஆரணி நண்பருக்கு ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும், மெயில் தேவையே இல்லை. அவர் தாராளமாக அங்கேயே எடுக்கலாம், பெயரைப் போனில் சொல்கிறேன்.