இலங்கைச் சிறுத்தை பார்க்க யாலவா, வில்பத்துவா?

இலங்கைக் காட்டில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. உச்சியில் இருப்பது சிறுத்தைதான். அதனால்தான் பட்டப்பகலிலேயே பாதையில் வந்து படுத்துக்கொள்ளும்.

இரண்டுமே தேசியப் பூங்காக்கள். ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் யால. திஸ்ஸமகாராமையில் தங்கி, பலட்டுப்பான வாயிலுக்குக் காலை ஆறு மணிக்கு முன்பே போய்விடுங்கள். அந்த வாயில் வழியே நுழையும் பகுதியான முதலாம் வலயம் சுமார் 141 சதுர கிலோமீட்டர்தான். சிறுத்தைகளோ நெருக்கமாக வாழ்கின்றன. பாறை உச்சிகளை விடாமல் பாருங்கள். சிக்கல் ஜீப் நெரிசல். ஒன்று கண்ணில் பட்டால் போதும், அத்தனை வண்டியும் அங்கே திரளும். அது எழுந்து புதருக்குள் போய்விடும். ஓட்டுநரிடம் விரட்ட வேண்டாமென்று புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். வழக்கமாகச் செப்டம்பரில் வறட்சிக்காகச் சில வாரம் மூடுவார்கள். தேதியை உறுதிசெய்த பிறகே அறை எடுங்கள்.

வில்பத்து 1,300 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அடர்ந்த காடு, நடுநடுவே மழைநீர் தேங்கும் 'வில்லு' எனும் இயற்கைக் குளங்கள். அநுராதபுரத்திலிருந்து ஹுணுவிலகம வாயிலுக்குப் போகலாம். அரைநாள் சவாரி இங்கே வீண், முழுநாள் எடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை நீர் வற்றும்போது வில்லுக்கரையில் எஞ்சினை அணைத்துக் காத்திருங்கள். புள்ளிமான் திரும்பத் திரும்பக் கூவி ஒரே திசையை வெறித்தால் அங்கே சிறுத்தை. மணலில் நகக்குறி இல்லாத வட்டத் தடம் சிறுத்தையுடையது; விளிம்பு உதிராமல் இருந்தால் புதியது.

இரண்டு நாள் கையில் இருந்தால், எங்கள் தேர்வு வில்பத்துதான்.