கோட்பெர்க்: கிளம்பும்போது எதை எடுத்துப் போகலாம்?

நிரல்களை இலவசமாக வைத்துக்கொள்ள இடம் தந்த கூகுள் கோட் தளம் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அதே வகைத் தளமான கிடோரியஸ் அதற்கு முந்தைய ஆண்டே போட்டித் தளமான கிட்லாப் கைக்குப் போய் மறைந்தது. அதனால், இலவச இடத்தில் நிரல் வைக்கும் எவரிடமும் நான் முதலில் கேட்பது இதுதான்: கிளம்பும்போது எதை எடுத்துப் போவீர்கள்? மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் புண்ணியத்தில் நிரலும் அதன் வரலாறும் எல்லோர் கணினியிலும் இருக்கின்றன. வழுப் புகார்களும் அவற்றின் கீழ் நடந்த சண்டைகளும் மட்டும் தளத்திலேயே தங்கிவிடும். மைக்ரோசாஃப்டின் கிட்ஹப் தளத்திலிருந்து கிளம்பிய எங்கள் தமிழ்ப் பிழைதிருத்திக் குழுவுக்கு அவைதாம் சொத்து. கோடம்பாக்கத்துத் தமிழாசிரியை ஒருவர், எந்தச் சொல்லை ஏன் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று நூற்பா காட்டி எழுதியதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

சொந்தச் சேவையகம் வைக்கலாம் என்று வேளச்சேரி நண்பர் முன்வந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பக்கம் மின்சாரம் இருந்த லட்சணத்தை நினைவுபடுத்தினேன். பேச்சு அத்துடன் நின்றது.

கடைசியில் நாங்கள் போன இடம் கோட்பெர்க். நிரல் வைக்கும் தளத்தை நடத்தும் இது, பெர்லினில் பதிவு பெற்ற, லாபநோக்கற்ற சங்கம். நன்கொடையில் நடக்கிறது, உறுப்பினர்களுக்கு வாக்குரிமை உண்டு. தளத்தை இயக்கும் ஃபோர்ஜேயோ, எவரும் எடுத்து நிறுவக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்பதால், நாளை அவர்களோடு ஒத்துவராவிட்டால் அதையே வேறிடத்தில் நிறுவிக்கொள்ளலாம். கிட்ஹப்பிலிருந்து இடம்பெயர்க்கும் பக்கத்தில் ஒன்றைக் கவனியுங்கள். முகவரியை மட்டும் கொடுத்தால் நிரல்தான் வரும். கடவுச்சொல் போல கிட்ஹப் தரும் அணுகல் டோக்கனையும் ஒட்டினால்தான் புகார்கள், மாற்றங்களைச் சேர்க்கச் சொல்லும் இணைப்புக் கோரிக்கைகள், வெளியீடுகள் ஆகியவற்றுக்கான கட்டங்களில் டிக் செய்ய முடியும். ஆசிரியைக்குப் புதுத் தளத்தில் கணக்கே இல்லை. ஆனாலும் அவருடைய குறிப்புகள் அவர் பெயரிலேயே வந்து இறங்கின. எனக்கு இது போதும்.

கட்டற்ற உரிமம் இல்லாததை இங்கே வைக்க விடமாட்டார்கள். யாரோ எப்போதோ கொடுத்த சொற்பட்டியல்களுக்கு உரிமம் எழுதி வாங்கும் வேலை இதனால் வந்து சேர்ந்தது. நல்லதுதான், என்றைக்கோ செய்திருக்க வேண்டியது. மூடிய நிரலும் சேர்த்து வைத்திருப்பவர்கள் கிட்லாப் பக்கம் போவது நலம்.

மாணவர்களின் கவலை வேறு. ஓ.எம்.ஆர். நிறுவனங்களின் நேர்காணலில் எந்தெந்த நாளில் பங்களித்தோம் என்று காட்டும் கிட்ஹப் பக்கத்துப் பச்சைக் கட்டங்களைப் பார்ப்பார்களாம். அந்தக் கட்டங்களை வைத்து ஆளை எடைபோடுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் வேலை தேடும் பிள்ளையிடம் கொள்கை பேசுவது அதைவிடப் பிடிக்காது. இதற்கு வழி இருக்கிறது. கோட்பெர்க்கில் நிரல் இருக்கும் களஞ்சியத்தின் அமைப்பில் பிரதி அனுப்பும் வசதியை இயக்கினால், ஒவ்வொரு மாற்றமும் கிட்ஹப்புக்கும் போய்ச் சேரும். கிட்டில் இட்ட மின்னஞ்சல் முகவரியே கிட்ஹப் கணக்கிலும் இருந்தால், முதன்மைக் கிளையில் (நிரலின் முதன்மை வடிவில்) சேரும் மாற்றங்கள் அங்கே கணக்கில் ஏறும். விவாதத்தில் எழுதியவை ஏறாது.

குறை என்றால், ஒவ்வொரு மாற்றத்தையும் தானே சோதித்துப் பார்க்கும் தானியங்கிச் சோதனை. கிட்ஹப்பில் பொதுக் களஞ்சியங்களுக்கு அது தாராளம். கோட்பெர்க்கில் இதே வேலையைச் செய்யும் உட்பெக்கர் சேவைக்கோ விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். நன்கொடைக் காசில் ஓடும் இயந்திரத்துக்கு அந்தக் கெடுபிடி நியாயமே. எங்கள் சோதனைகள் இப்போதைக்கு மைக்ரோசாஃப்ட் செலவில், கிட்ஹப் பிரதியிலேயே ஓடுகின்றன. இதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.