இஎஸ்ஐயா, டபிள்யூ.சி. பாலிசியா, குரூப் ஆக்சிடென்ட்டா? பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஒரு கணக்கு

பட்டறையில் பத்தாவது ஆளைச் சேர்க்கும் நேரத்தில் ஆடிட்டரிடம் வருகிற கேள்வி இது: "இஎஸ்ஐ போடணுமா, இல்ல டபிள்யூ.சி. பாலிசி எடுத்துட்டா போதுமா?" போதாததற்கு, வங்கிக் கடன் வாங்கும்போது கூடவே தலையில் கட்டிய குரூப் ஆக்சிடென்ட் பாலிசி ஒன்றும் பீரோவில் கிடக்கும். இஎஸ்ஐ என்பது அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம். டபிள்யூ.சி. (வொர்க்மென்ஸ் காம்பென்சேஷன்) பாலிசி என்பது வேலையில் நடக்கும் விபத்துக்கு முதலாளி தர வேண்டிய இழப்பீட்டை ஏற்கும் இன்சூரன்ஸ். மூன்றும் விபத்துக்குப் பணம் தருகிறவைதான். ஆனாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. எது மலிவு என்று பார்ப்பதற்கு முன், எந்த ஆள் எதற்குள் வருகிறார், யார் எதிலும் சேராமல் நிற்கிறார் என்று பாருங்கள். முதலாளியின் கைக்காசு கரைவது அப்படி நிற்கிற ஆளால்தான்.

எது கட்டாயம், எது கட்டாயமில்லை

1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1948-ன் இஎஸ்ஐ சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-க்குள் போய்விட்டன. அடிப்படைப் பிரிவினை மாறவில்லை. பத்து பேர் இருந்தால் இஎஸ்ஐ கட்டாயம். ஆபத்தான தொழில் என்று அரசு அறிவித்தவற்றில் ஒரே ஆள் இருந்தாலும் உண்டு. பத்துக்குக் கீழே இருந்தால், முதலாளியும் தொழிலாளர்களில் பெரும்பாலோரும் ஒப்புக்கொண்டு விருப்பத்தின் பேரில் சேரலாம்.

பத்தை எண்ணுவதில்தான் முதல் தவறு. சம்பளம் 21,000-க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர் இஎஸ்ஐ பயன் பெற மாட்டார், ஆனால் தலை எண்ணிக்கையில் வருவார். காண்ட்ராக்டர் அனுப்பிய இரண்டு ஹெல்பர்களும் வருவார்கள். "நம்ம ரோல்ல எட்டு பேர்தான்" என்பது இன்ஸ்பெக்‌ஷனில் நிற்காது.

டபிள்யூ.சி. பாலிசியின் கதை வேறு. இழப்பீடு கொடுப்பது கட்டாயம். அதற்கு இன்சூரன்ஸ் எடுத்து வைப்பதை மத்தியச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. பாலிசி இல்லையென்றால் முழுத் தொகையும் முதலாளியின் கையிலிருந்து போகும், அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளும் அரசு டெண்டர்களும் பாலிசி நகல் கேட்பது, அந்தப் பொறுப்பு சுற்றிவந்து தங்கள் தலையில் விழக்கூடாது என்பதற்காக.

ஒரே விபத்து, இரண்டு கணக்கு

முப்பது வயது, மாதம் 16,000 ரூபாய் வாங்கும் பிரஸ் ஆபரேட்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

கையில் எலும்பு முறிந்து நாற்பது நாள் வேலைக்கு வரவில்லை. இஎஸ்ஐயில் சராசரி தினக் கூலியில் 90 சதவீதம்: நாளுக்கு 480 ரூபாய், நாற்பது நாளுக்கு 19,200. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். இழப்பீட்டுச் சட்டத்தில் கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 2020 ஜனவரி 3 அறிவிக்கைப்படி 15,000 வரைதான். அதில் கால் பங்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை, அதாவது 3,750. நாற்பது நாளுக்கு ஏறத்தாழ 10,000.

ஆள்காட்டி விரல் முழுதும் போனால் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. இழப்பீட்டுச் சட்டத்தில் 15,000-ல் 60 சதவீதம், பெருக்கல் முப்பது வயதுக்கான காரணி 207.98, அதில் 14 சதவீதம்: 2,62,055 ரூபாய், ஒரே தவணையில். இஎஸ்ஐயில் 480-ல் 14 சதவீதம், மாதம் சுமார் 2,016 ரூபாய், ஆயுள் முழுவதும். அதே மெஷினில் திரும்ப வேலைக்கு வந்தாலும் அது நிற்காது.

உயிரே போய்விட்டால் இழப்பீட்டுச் சட்டத்தில் 15,000-ல் பாதியான 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். இஎஸ்ஐயில் மாதம் சுமார் 14,400 பென்ஷன்: மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைக்கு ஐந்தில் இரண்டு. இரண்டு பிள்ளைகள் என்றால் மொத்தம் முழு விகிதத்தைத் தாண்டுவதால் 3:2:2 என்று சுருக்கிவிடுவார்கள். வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால் சுமார் ஒன்பது ஆண்டில் பென்ஷன் மொத்தத் தொகையைத் தாண்டும். முப்பது வயதில் கணவனை இழந்த பெண்ணுக்கு இஎஸ்ஐ கணக்கு நல்லது என்றே சொல்வோம். ஐம்பத்தைந்து வயதுக்காரர் வீட்டில் பிள்ளைகள் எல்லாம் தலையெடுத்துவிட்டால் பதில் அவ்வளவு தெளிவாக இருக்காது. எப்படியும், இதில் குடும்பத்துக்குத் தேர்வு கிடையாது. இஎஸ்ஐயில் இருக்கும் ஆளுக்கு அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்க முடியாது.

மருத்துவச் செலவில் வித்தியாசம் இன்னும் பெரிது. இஎஸ்ஐயில் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் உச்சவரம்பில்லாத சிகிச்சை. இழப்பீட்டுச் சட்டமும் ஆன செலவு முழுவதையும் முதலாளி கொடுக்கச் சொல்கிறது. ஆனால் டபிள்யூ.சி. பாலிசியில் மருத்துவச் செலவு பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டிய பிரிவு, அதுவும் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்போடு. வரம்புக்கு மேல் போகிற பில் முதலாளிக்கு.

செலவு? இஎஸ்ஐயில் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75. இந்த ஆளுக்கு மாதம் 520-ம் 120-ம். டபிள்யூ.சி. பிரீமியம் தொழில் வகையையும் ஆண்டுக் கூலியின் மொத்தத்தையும் பொறுத்தது, மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. பிரீமியம் குறைவாகத்தான் தெரியும். ஆனால் அதில் காய்ச்சலுக்கு மருந்து இல்லை, பிரசவம் இல்லை, குடும்பம் இல்லை. இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி "இது மலிவு" என்பது அரிசி விலையையும் சாப்பாட்டு விலையையும் ஒப்பிடுகிற மாதிரி.

இஎஸ்ஐ பதிவு: எங்கே சிக்கும்

பத்தாவது ஆள் சேர்ந்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் இஎஸ்ஐ போர்ட்டலில் பதிய வேண்டும். நிறுவனத்தின் பான், முகவரிச் சான்று, தொழில் உரிமம் அல்லது பங்குதாரர் ஒப்பந்தம், கேன்சல் செய்த காசோலை, ஆட்களின் ஆதார் விவரம் எல்லாம் கையில் இருந்தால் ஒரே உட்காரலில் முடியும். 17 இலக்க நிறுவன எண், பதிவை உறுதி செய்யும் சி-11 கடிதத்தோடு வரும். புதிதாகக் கம்பெனி பதிவு செய்கிறவர்களுக்கு அந்தப் படிவத்தோடேயே இஎஸ்ஐ எண்ணும் வந்துவிடுகிறது. எண் வந்துவிட்டதே என்பதற்காகப் பத்து பேர் சேரும் முன்பே சந்தா கட்ட வேண்டியதில்லை. எண் இருப்பதையே மறந்துவிட்டுப் பத்தைத் தாண்டிவிடுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

படிவத்தில் கவனிக்க வேண்டிய கட்டம் ஒன்று: தொழில் தொடங்கிய தேதி வேறு, சட்டம் பொருந்தத் தொடங்கிய தேதி வேறு. 2019-ல் தொடங்கிய பட்டறையில் பத்தாவது ஆள் இந்த வருடம்தான் சேர்ந்திருந்தால், இரண்டாவது கட்டத்திலும் 2019 என்று போட்டுவிடாதீர்கள். இடைப்பட்ட மாதங்களுக்கெல்லாம் சந்தா கேட்டு நோட்டீஸ் வரும். தேதியை நிரூபிக்க வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும்தான் சாட்சி.

அடுத்து ஆட்கள். சேர்ந்த அன்றே ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க இன்சூரன்ஸ் எண் எடுத்துவிடுங்கள். "ஒரு வாரம் டிரையல் பார்த்துட்டுப் போடலாம்" என்று தள்ளி வைத்த வாரத்தில் விரல் போனால், விபத்துக்குப் பிறகு பதிந்த ஆளைப் பற்றி கிளை அலுவலகம் துருவித் துருவிக் கேட்கும். இஎஸ்ஐ கழகம் தொழிலாளிக்குப் பயனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கவும் சட்டத்தில் வழி உண்டு. ஆதாரில் "முருகன் எஸ்", வங்கியில் "எஸ். முருகன்" என்று இருந்தால் பணம் போய்ச் சேர்வது தள்ளிப்போகும், அப்போதே திருத்துங்கள். குடும்ப விவரம் ஏற்றாவிட்டால் குடும்பத்துக்குச் சிகிச்சை கிடைக்காது. டிஸ்பென்சரியை ஆள் குடியிருக்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பட்டறை இருக்கும் இடத்தைப் பார்த்து அல்ல.

ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் தண்டத் தொகை.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் படிவம் 12, கூடவே விபத்துப் பதிவேட்டில் பதிவு. இந்தப் படிவத்தை யாரோ ஒரு கிளார்க் அவசரத்தில் நிரப்புவதால்தான் பாதி வழக்கு தடுமாறுகிறது. விபத்து நேரம் மாலை 6.40 என்று எழுதியிருப்பார். வருகைப் பதிவேட்டில் ஷிப்ட் 5.30-க்கு முடிந்திருக்கும், ஓவர்டைம் பதிவேடு காலியாக இருக்கும். அந்த ஆள் அந்த நேரத்தில் அங்கே என்ன செய்தார் என்ற கேள்விக்கு மூன்று காகிதமும் மூன்று பதில் சொல்லும். படிவத்தை அனுப்பும் முன் மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவசரத்தில் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் அன்றே இஎஸ்ஐ அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். திரும்பக் கிடைப்பது பில் தொகை முழுதும் அல்ல, மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் கட்டண விகிதப்படிதான்.

டபிள்யூ.சி. பாலிசி: வாசகத்தைப் படித்து வாங்குங்கள்

பிரீமியம் இன்சூரன்ஸ் கம்பெனியின் கையில் சேராத வரை பாலிசிக்கு உயிர் இல்லை. இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு அப்படி. "கோட்டேஷன் வாங்கிட்டோம்" என்பது பாதுகாப்பு ஆகாது.

முன்மொழிவுப் படிவத்தில் தொழில் வகை, ஒவ்வொரு வகையிலும் எத்தனை ஆள், ஆண்டுக் கூலி எவ்வளவு, வேலை நடக்கும் இடம் எது என்று கேட்பார்கள். பிரீமியத்தைக் குறைக்கக் கூலியைப் பாதியாகக் காட்டினால், இழப்பீடும் அதே விகிதத்தில் வெட்டப்படும். ஷெட் போடும் வேலைக்கு ஆளை வெளியூர் அனுப்புகிற ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர் இடம் என்ற கட்டத்தில் பட்டறை விலாசத்தை மட்டும் எழுதினால், கூரையிலிருந்து விழுந்தவருக்கான கிளெய்ம் அங்கேயே தகராறாகும். பாலிசி முடிந்ததும் உண்மையில் கொடுத்த கூலியைத் தெரிவித்துக் கணக்கை நேர் செய்யவும் வேண்டும்.

தனியாகக் கேட்டு வாங்க வேண்டியவை: மருத்துவச் செலவு, தொழில்சார் நோய்கள், காண்ட்ராக்ட் ஆட்கள். புதிய சட்டத்தில் வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போது நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இழப்பீட்டுக்குள் வருகிறது. இஎஸ்ஐயில் இது 2010-லிருந்தே உண்டு. உங்கள் பாலிசி வாசகம் பழையதாக இருந்தால், அதைச் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் எழுதி வாங்குங்கள்.

பாலிசி எடுத்த பிறகும் முதலாளியிடமே நிற்கும் பணம் ஒன்று உண்டு. இழப்பீடு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்தில் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது. வட்டியையும் ஒப்பந்தத்தில் விலக்கி வைக்கலாம். ஆகவே கம்பெனியிலிருந்து பணம் வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

குடித்திருந்தார், மெஷினின் பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினார் என்ற வாதமெல்லாம் சிறிய காயங்களுக்கு மட்டும்தான் செல்லும். சாவும் நிரந்தர முழு ஊனமும் என்றால் அந்தக் காரணம் சொல்லித் தப்ப முடியாது.

குரூப் ஆக்சிடென்ட்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிர்ணயித்த தொகை, வேலை நேரம் என்றில்லாமல் எந்த நேரத்து விபத்துக்கும். ஆட்களை நிறுத்தி வைத்துக்கொள்ள நல்ல சலுகை. ஆனால் சட்டப் பொறுப்பை இது அடைக்காது. ஐந்து லட்சம் பாலிசியில் கொடுத்தீர்கள் என்பதால் 15,59,850-ல் ஐந்து லட்சம் தானாகக் கழியாது.

விடுபடுகிறவர்கள்

எங்கள் சிபாரிசு எளிது. பத்து பேரோ அதற்கு மேலோ என்றால் இஎஸ்ஐ, கூடவே 21,000-க்கு மேல் வாங்குகிறவர்களுக்கு மட்டும் சிறிய டபிள்யூ.சி. பாலிசி. எல்லோருக்கும் டபிள்யூ.சி. எடுப்பது வீண், இஎஸ்ஐக்காரர் பெயரில் கட்டிய பிரீமியத்துக்கு கிளெய்மே வராது. பத்துக்குக் கீழ் என்றால் டபிள்யூ.சி. போதும், ஆட்கள் குடும்பஸ்தர்களாக இருந்தால் விருப்ப இஎஸ்ஐயைப் பற்றி அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

சம்பள உயர்வில் ஒரு தேதி ஒளிந்திருக்கிறது. மே மாதம் 20,500-லிருந்து 22,000 ஆக்கினால் அந்த ஆள் உடனே இஎஸ்ஐயை விட்டுப் போவதில்லை. ஏப்ரல்–செப்டம்பர் சந்தா காலம் முடியும்வரை முழுச் சம்பளத்துக்கும் சந்தா கட்ட வேண்டும். அக்டோபர் 1 காலையில் வெளியே வந்துவிடுவார். அன்றைக்கு முன்பே அவர் பெயர் டபிள்யூ.சி.யில் ஏற வேண்டும். அடுத்த அரையாண்டில் இது ஏப்ரல் 1. புதிய சட்டத்தின் சம்பள வரையறையில் படிகள் பாதிக்கு மேல் போனால் மிகுதியைச் சம்பளத்தோடு சேர்க்கச் சொல்வதால், 21,000 கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதையும் ஒருமுறை புதிதாகக் கணக்கிடுங்கள்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு, காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு உங்களுக்கு. அவருடைய மாதச் சலானில் உங்கள் பட்டறைக்கு வந்த ஆட்களின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பில்லைப் பாஸ் செய்யுங்கள். மொத்தத் தொகை மட்டும் உள்ள சலான் எதையும் காட்டாது.

இஎஸ்ஐயில் இல்லாத ஆள் இறந்துவிட்டால், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிக் குடும்பத்தின் கையில் பணத்தைக் கொடுத்து முத்திரைத்தாளில் எழுதி வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அது இழப்பீடே அல்ல. தொகையை இழப்பீட்டு ஆணையரிடம்தான் டெபாசிட் செய்ய வேண்டும். அதற்கு முன் குடும்பத்துக்கு முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் வரை கொடுத்தால் மட்டுமே கழித்துக்கொள்வார்கள். ஏழு நாளுக்குள் ஆணையருக்கு அறிக்கையும் போக வேண்டும்.