லெகோ பெட்டிகளை வகை பிரிக்க ரீபிரிக்கபிள்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

பரந்தனுக்குப் பக்கத்தில் எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு அலுமாரி நிறைய லெகோ, அதாவது ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள், இருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்ச்சனம், தங்கள் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அனுப்பி வைத்தவை. மட்டைப்பெட்டி இருக்காது, செய்முறைப் புத்தகமும் பெரும்பாலும் இருக்காது. ஒரே பைக்குள் நாலைந்து செட் கலந்து வரும். இதை ஒழுங்குபடுத்த, எந்தச் செட்டில் என்னென்ன துண்டுகள் என்று பட்டியலிடும் ரீபிரிக்கபிள் இணையத்தளத்தைப் பாவிக்கிறேன். இலவசக் கணக்கே போதும்.

தளத்தில் உள்ள வகைப்பிரிப்பு லெகோ நிறுவனத்தின் தொடர்களைப் பின்பற்றியது. நகர வாழ்க்கையைக் காட்டும் டவுன் தொடர் 1978இல் வந்தது, அதே மாதிரியான சிட்டி 2005இல். அதனால் எண்பதுகளின் பொலிஸ் நிலையம் ஓரிடத்தில், புதியது இன்னோரிடத்தில். சேகரிப்பவருக்கு இதுதான் சரி, அவருக்கு ஆண்டும் தொடரும் முக்கியம். ஆனால் இங்கே வரும் பிள்ளைகள், "மாமா, டைனோசர் எங்க?" என்றுதான் கேட்பார்கள். அந்த டைனோசர் செட் (31058, 2017இல் வந்தது, 174 துண்டுகள்) கிரியேட்டர் தொடருக்குள் இருக்கிறது.

ஆகவே தொடரை அப்படியே விட்டுவிட்டு, செட் பட்டியல்களை என் விருப்பப்படி போட்டேன்: மிருகம், வாகனம், கட்டிடம், குறையுள்ளவை. கடைசிப் பட்டியல்தான் அதிகம் உதவுகிறது. ஒவ்வொரு செட்டிலும் இல்லாத துண்டுகளைத் தொலைந்தவை என்று குறித்து வைத்தால், எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துவிடும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் அதை முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். அவர்கள் லெகோ துண்டுகளைத் தனித்தனியாக விற்கும் பிரிக்லிங்க் இணையச் சந்தையில் வாங்கிக் கொண்டு வருவார்கள்.

எந்தச் செட் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை, எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். பையைச் சுளகில் கொட்டி முதலில் வடிவப்படி பிரியுங்கள், நிறப்படி வேண்டாம். கறுப்புக் குவியலுக்குள் சின்னக் கறுப்புத் துண்டு கண்ணில் படவே படாது. துண்டின் அடிப்பக்கத்தை வெயிலில் சரித்துப் பிடித்தால் பொடி எழுத்தில் இலக்கம் தெரியும். எட்டுக் குமிழ் உள்ள சாதாரணக் கட்டை 3001. அது எங்கும் இருப்பதால் துப்புத் தராது. படம் அச்சடித்த துண்டு, பொம்மையின் உடம்பு, அபூர்வ நிறம், இவற்றைத் தேடுங்கள். ரீபிரிக்கபிளில் அந்தத் துண்டுக்குரிய பக்கத்திலேயே அது எந்த நிறத்தில் எந்தெந்தச் செட்டில் வந்தது என்று இருக்கும். சிலவேளை ஒரே ஒரு செட்தான் வரும், அத்தோடு வேலை முடிந்தது.

சாம்பல் நிறத்தைக் கவனியுங்கள். 2004 வாக்கில் லெகோ அதை மாற்றியது. பழையது கொஞ்சம் மஞ்சள் சாயல், புதியது நீலச் சாயல். யன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிடிபடும். ஒரு பையில் இரண்டு சாம்பலும் இருந்தால், பழைய செட்டும் புதுச் செட்டும் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

செட் இலக்கம் கிடைத்த பிறகு செய்முறையை லெகோ தளத்திலேயே இலவசமாக இறக்கலாம். இலக்கத்துக்குப் பின்னால் ரீபிரிக்கபிள் போடும் -1ஐ அங்கே நீக்கிவிடுங்கள். இங்கே சிக்னல் எப்போதும் சீராக இருக்காது, அதனால் பட்டியல்களையும் அடிக்கடி கோப்பாக இறக்கி வைக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 10698 போன்ற, பலவகைக் கட்டைகள் கலந்து வரும் கிளாசிக் பெட்டியில் கை வைக்க வேண்டாம். 790 துண்டையும் எண்ணிச் சரிபார்ப்பதற்குள் அலுத்துவிடும். அந்த டைனோசர் அளவில் ஒன்றை எடுங்கள், ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம்.