பெட்ரோல், சிஎன்ஜி, பழைய டீசல், மின்சாரம்: எந்த வண்டி எங்கே படுக்கும்?

கார் வாங்கப் போகிறவரிடம் ஊரே கேட்கும் கேள்வி, ‘எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?’ என்பதுதான். ‘உங்க ஓட்டத்துக்கு இது எங்கே படுக்கும்?’ என்று யாரும் கேட்பதில்லை. ஏழெட்டு லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு சின்னக் கார் தேடும் குடும்பத்துக்கு இன்று நாலு வழி இருக்கிறது: புது பெட்ரோல் வண்டி, அதே வண்டியில் கம்பெனியே பொருத்தித் தரும் சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு), சில வருடம் ஓடிய டீசல், சின்ன மின்சாரக் கார். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. மின்சாரக் காருக்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான். ஷோரூம் விலை இறங்கியதால், பழசா புதுசா என்ற குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது.

நாலுக்கும் பொதுவான வியாதியை முதலில் முடித்துவிடலாம். காலையில் அவசரமாகக் கிளம்பும்போது செல்ஃப் எடுக்காது. டிக்டிக்டிக் என்று வேகமாகத் தட்டினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்து, ஹெட்லைட் மங்காமல் எரிந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் சந்தேகப்படலாம். சத்தமே இல்லையென்றால் பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும், கிளாம்ப்பைக் கையால் ஆட்டினாலே அசையும். கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் பல நாள் மெக்கானிக்கைக் கூப்பிடவே வேண்டாம். நம்மூர் வெயிலில் ஒரு பேட்டரி மூன்று நாலு வருடம் உழைத்தாலே பெரிது. மின்சாரக் காருக்கு இந்தத் தொல்லை இருக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. அதிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது செத்துவிட்டால், கீழே பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கண் விழிக்காது. எலிக்கும் இந்தப் பேதம் கிடையாது, எந்த வண்டி ஒயர் கிடைத்தாலும் கடிக்கும். பானெட்டுக்குள் புகையிலையைக் கட்டித் தொங்கவிடுவதை வேடிக்கையாகப் பார்க்காதீர்கள், சர்வீஸ் சென்டர்காரர்களே சொல்லும் வைத்தியம் அது.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

பெட்ரோலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அதன் பலம். பிளக், இக்னிஷன் காயில், அழுக்கேறிய த்ராட்டில் பாடி, ரொம்ப நாள் கழித்து ஃப்யூயல் பம்ப். வந்தால் இவைதான் வரும், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். நாலு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று ஓடினாலும் இன்ஜின் கோபித்துக்கொள்ளாது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே மைலேஜ் கொஞ்சம் அடிபடத்தான் செய்யும். 2023-க்கு முந்தைய பழைய வண்டி வாங்குகிறவர்கள் ரப்பர் ஹோஸ்களை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஏஎம்டி கியர் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதற்குள் இருப்பது சாதாரண கிளட்ச்தான், அழுத்துவதுதான் மோட்டார். மேம்பாலச் சரிவில் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் கருகும்.

சிஎன்ஜியில் கணக்கு சுவாரசியமாகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கேஸ் கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாருதி வேகன்ஆர் சிஎன்ஜிக்குக் கம்பெனி சொன்ன கணக்கு கிலோவுக்கு 34 கி.மீ. சிக்னலும் ஏசியுமாக ஊருக்குள் 24 வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோலில் 15. கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் ஆறு ரூபாய் எழுபது பைசா ஆகும், கேஸில் மூன்று எழுபத்தைந்து. ஏறக்குறைய மூன்று ரூபாய் மிச்சம். சிஎன்ஜிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் 90,000 என்று பிடித்தால், 31,000 கி.மீ. ஓடிய பிறகுதான் லாபமே ஆரம்பிக்கும். வருடத்துக்கு 12,000 ஓடுகிறவருக்கு இரண்டரை வருடம் சொச்சம். 6,000 ஓடுகிறவருக்கு அஞ்சு வருடத்துக்கு மேல், அதற்குள் அவர் வண்டியை மாற்றிவிடுவார்.

இந்தக் கணக்கில் வராத செலவு பங்க்கில் நிற்கும் நேரம். ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கும், முறை வந்ததும் ‘பிரஷர் இல்ல சார்’ என்பார்கள். கம்ப்ரஸர் அழுத்தம் குறைந்த நேரத்தில் பிடித்தால் 60 லிட்டர் சிலிண்டர் பாதிதான் ஏறும். அதனால் கேஸ் பங்க் உங்கள் தினசரி வழியிலேயே இருக்கிறதா, இல்லை அதற்கென்று அஞ்சு கிலோமீட்டர் சுற்ற வேண்டுமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்ய வேண்டும், செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அந்தச் சான்றிதழ் தேதியைக் கட்டாயம் கேளுங்கள்.

சிஎன்ஜி வண்டி படுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் கேஸ் இல்லை, மறந்துபோன பெட்ரோல். டேங்க்கில் ரெண்டு லிட்டரைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் கேஸிலேயே ஓட்டுவார்கள். ஃப்யூயல் பம்ப் காய்ந்து, இன்ஜெக்டர் பிசுபிசுத்து, கேஸ் தீர்ந்த ராத்திரியில் பெட்ரோலுக்கு மாற்றினால் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். கால் டேங்க் பெட்ரோல் எப்போதும் இருக்கட்டும், வாரத்தில் நாலைந்து கிலோமீட்டர் அதிலும் ஓட்டுங்கள். பிளக்கும் பெட்ரோல் வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். பூட் இடம் போகிறதே என்ற பழைய புகாருக்கு, டாடா 2023-இல் ஆல்ட்ரோஸில் 30 லிட்டர் சிலிண்டர் இரண்டைத் தரைக்கடியில் படுக்கவைத்து வழி சொன்னது. 2024-இல் ஹூண்டாயும் எக்ஸ்டரில் அதையே செய்தது. வெளிக்கடையில் சிஎன்ஜி கிட் பொருத்துவதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. கேஸ் எரியும் சூட்டுக்குக் கம்பெனி வால்வு சீட்டைக் கெட்டியாக்கித் தருகிறது. சாதா இன்ஜினில் கிட் போட்டால் அது கிடையாது.

டீசலில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். ‘டீசல்’ என்று ஒரே பெயரில் சந்தையில் இரண்டு வேறு பிராணிகள் விற்கின்றன. 2020 ஏப்ரல் 1-க்கு முந்தையவை பிஎஸ்4, பிந்தையவை பிஎஸ்6; இரண்டும் அரசின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் பெயர். மாருதி அந்தத் தேதியோடு டீசலையே விட்டது. அதற்குமுன் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகாவில் வந்த 1.3 லிட்டர் ஃபியட் இன்ஜின் டாடா ஜெஸ்டிலும் ஃபியட் புன்டோவிலும் இருந்தது. பார்ட்ஸுக்கு அலைய வேண்டாம், வேலை தெரிந்தவர்களும் நிறைய. நிதானமாக ஓட்டிய வண்டி கிடைத்தால் இன்றும் நல்ல சாமான்தான்.

கிடைப்பதுதான் கஷ்டம். டீசலை வாங்கியதே நிறைய ஓட்டுவதற்காக. 2017 வண்டி 60,000 தான் ஓடியிருக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள், பிரேக் பெடல் ரப்பரையும் ஸ்டியரிங் தோலையும் டிரைவர் சீட்டின் வலது ஓரத்தையும் பாருங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய், நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். விற்கிறவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அதன் வாய்மேல் தலைகீழாக வையுங்கள். மூடி துள்ளி, குபுகுபுவென்று புகை வந்தால் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று அர்த்தம், அது இன்ஜின் வேலை. ஆர்சி புத்தகத்தில் டி-போர்டிலிருந்து (டாக்ஸி) ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகம்) மாற்றிய வண்டியா என்றும் பாருங்கள். டெல்லிப் பதிவு வண்டி ரொம்ப மலிவாக வந்தால் காரணம் வெளிப்படை. அங்கே டீசலுக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்று தீர்ப்பு வந்த பிறகு அந்த வண்டிகள் தெற்கே இறங்க ஆரம்பித்தன. என்ஓசி, இங்கே மறுபதிவு, வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பாதி கரைந்துவிடும்.

பிஎஸ்6 டீசல் வேறு கதை. சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் அதைத் தானே எரித்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். ஹைவேயில் இருபது முப்பது நிமிடம் ஒரே வேகத்தில் போனால் தானாக நடந்துவிடும். ஊருக்குள் மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் எரிப்பு பாதியிலேயே நிற்கும். சூடேற்றுவதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் மெல்ல ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் இதுதான் விஷயம். அடுத்து டேஷ்போர்டில் விளக்கு எரியும், பிறகு வண்டி இழுக்காது, லிம்ப் மோடில் (இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை) ஊர்ந்து சர்வீஸ் சென்டர் போய்ச் சேரும். ரிட்டயர்டு ஆகி, பேரனைப் பள்ளியில் விடுவதற்கு மட்டும் வண்டி எடுக்கிறவர் ‘டீசல்னா நல்லா உழைக்கும்’ என்று பிஎஸ்6 வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். வாரத்தில் ரெண்டு தடவையாவது ஹைவே ஏறாதவருக்கு இது வேண்டாம்.

மின்சாரக் காரில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? சொந்த வீடு, சொந்த போர்ட்டிகோ, சரியான எர்த்திங்கோடு 15 ஆம்பியர் பிளக் என்றால் இதைவிட நிம்மதி கிடையாது. கிளட்ச், இன்ஜின் ஆயில், பெல்ட் எதுவும் இல்லை. வாடகை வீடு, தெருவில் பார்க்கிங் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். 24 யூனிட் பேட்டரி கொண்ட டாடாவின் மின்சார டியாகோவுக்கு அறிமுகத்தில் 315 கி.மீ. என்றார்கள், ஏசியோடு 200-க்குள் எதிர்பார்ப்பது நல்லது. யூனிட்டுக்கு ஏழு கி.மீ. என்றால், மாதம் ஆயிரம் கி.மீ. ஓடும் வீட்டில் ரெண்டு மாத பில்லில் சுமார் 290 யூனிட் கூடும். நம்மூரில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப்பே (கட்டண அடுக்கே) மாறுகிறது என்பதை விற்பனையாளர் சொல்ல மாட்டார். அப்படியும் யூனிட் 9 ரூபாய் கணக்கில் கிலோமீட்டருக்கு ஒன்று முப்பதுதான், மற்ற மூன்றும் கிட்டே வர முடியாது. பெரிய பேட்டரிக்குக் கம்பெனி வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ.

மலையேறுகிறவர்களுக்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 வளைவிலோ ஆள் நிறைந்த சிஎன்ஜி வண்டி திணறும், அங்கே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். டீசல் அலட்டாமல் ஏறும். மின்சார வண்டி எல்லாவற்றையும்விட நன்றாக ஏறும், இறங்கும்போது பிரேக்கிங்கில் சார்ஜும் ஏறும். ஆனால் மலை உச்சி ஹோட்டலில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் மின்சாரம் ஏற இடமில்லாததால் அந்த மோட்டார் பிரேக் வேலை செய்யாது, கால் பிரேக்தான் சூடாகும்.

சென்னைக்காரர்களுக்கு வெள்ளம் தனிப் பாடம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பட்ட அடியால்தான் 2024 அக்டோபரில் மழை அறிவிப்பு வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். பெட்ரோலோ டீசலோ சிஎன்ஜியோ, தண்ணீரில் நின்றுபோன இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். அதற்கான செலவைச் சாதாரண இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தராது, இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். மின்சாரக் காரின் பேட்டரிக்கு ஐபி67 தரம் உண்டு. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் என்பதுதான் அந்தச் சோதனை, ரெண்டு நாள் மூழ்கிக் கிடப்பதற்கு அல்ல.

பலருக்கும் இருக்கும் ஓட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தினம் பத்து கி.மீ. ஆபீஸ், மாதம் ஒரு தடவை சென்னையிலிருந்து திருநெல்வேலி போய் வருவது. மாதத்துக்கு ஏறக்குறைய 1,500 கி.மீ. பெரும்பகுதி ஹைவே என்பதால் ஊருக்குள் ஓடுவதைவிட மைலேஜ் கூடும், பெட்ரோலில் 7,900 ரூபாய் போல ஆகும். லிட்டர் 92 என்று வைத்தால் பழைய டீசலில் 6,600. மாதம் 1,300 ரூபாய் மிச்சம் பிடித்து, ஒரு இன்ஜெக்டர் செட்டில் மொத்தத்தையும் விடுவதற்குப் பழைய டீசல் தேவையில்லை. சிஎன்ஜியில் 5,000-க்குள் முடியும். பெட்டி படுக்கையோடு போகிறவர்கள் என்பதால் தரையடி இரட்டைச் சிலிண்டர் வண்டியைத்தான் சொல்வேன். திருச்சியிலோ மதுரையிலோ கேஸ் வரிசை நீளமாக இருந்தால் அந்தத் தடவை பெட்ரோலில் ஓட்டிப் போய்விடலாம். ஊருக்குப் போவது பொங்கல், தீபாவளிக்கு மட்டும் என்று சுருங்கினால் இந்தக் கணக்கு நிற்காது, அவருக்குச் சாதா பெட்ரோல் வண்டியே போதும்.