ஆஸி ஆஸ்போர்னின் லைவ் ஆல்பங்கள்: யார் வாசித்ததை வாங்குவது?

ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் லைவ் ஆல்பம், அதாவது மேடைக் கச்சேரிப் பதிவு, ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் இருக்கும். விலை கொடுப்பது அந்தப் பெயர்களுக்காகத்தான். பாடுபவர் எல்லாவற்றிலும் ஒரே ஆள். பாட்டுகளிலும் பல ஆல்பத்துக்கு ஆல்பம் திரும்ப வருபவை. பின்னால் நிற்பவர்கள் மாறும்போது அதே பாட்டின் எடை, வேகம், சோலோ (கிடாரின் தனி வாசிப்பு) எல்லாமே மாறிவிடுகின்றன.

1979இல் பிளாக் சபாத் குழு ஆஸியை நீக்கிய பிறகு அவர் கட்டிய குழுவின் அமைப்பு கடைசிவரை பெரிதாக மாறவில்லை: ஒரு கிடார், ஒரு பேஸ், டிரம்ஸ், பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில் ஒரு கீபோர்டு. இதில் 'ஒரு கிடார்' என்பதுதான் முக்கியம். ஸ்டுடியோவில் இந்தக் குழுவின் முதல் கிடாரிஸ்ட் ராண்டி ரோட்ஸ் தன் சோலோக்களை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தடவை வாசித்துப் பதிவு செய்தவர். கீழே பாட்டைத் தாங்கிப் பிடிக்கும் ரிதம் கிடாரும் தனியாக ஓடும். மேடையில் அந்த வசதி கிடையாது. கிடாரிஸ்ட் சோலோவுக்குள் போன நொடியில் ரிதம் நின்றுவிடும். அந்த வெற்றிடத்தை பேஸும் கீபோர்டும் தாங்கினால் பாட்டு நிற்கும், இல்லாவிட்டால் சோலோ அந்தரத்தில் தொங்கும். கீழே சொல்லும் ஆல்பங்களை இந்த ஒரு அளவுகோலை வைத்தே கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 'டிரிப்யூட்'. வெளிவந்தது 1987இல், ஆனால் பெரும்பகுதி 1981 மே 11 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பதிவானது. ரோட்ஸ் 1982 மார்ச் 19இல் புளோரிடாவின் லீஸ்பர்கில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25. அவர் மேடையில் என்ன செய்தார் என்பதற்கு நல்ல தரத்தில் இருக்கும் முதன்மையான ஆவணம் இது. பேஸில் ரூடி சார்சோ, டிரம்ஸில் டாமி ஆல்ட்ரிட்ஜ், கீபோர்டில் லிண்ட்ஸே பிரிட்ஜ்வாட்டர்.

'கிரேஸி டிரெய்ன்' பாட்டின் சோலோவை முதலில் ஸ்டுடியோ ஆல்பத்தில் கேட்டுவிட்டு இதில் கேளுங்கள். மூன்று அடுக்கு ஒன்றாகிவிட்டது, ஆனாலும் மெலியவில்லை. காரணம் இரண்டு. ரோட்ஸ் சோலோவை மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றியபடி வாசிப்பவர் அல்ல. முன்கூட்டியே இசையமைத்து வைத்திருப்பவர். ஒவ்வொரு ஸ்வரமும் அடியில் ஓடும் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை) சுட்டிக்காட்டிக்கொண்டே போகும், அதனால் ரிதம் கிடார் இல்லாமலே காது அந்தக் கார்டை நிரப்பிக்கொள்கிறது. இரண்டாவது காரணம் சார்சோ. சோலோ நேரத்தில் அவர் அலங்காரம் எதுவும் செய்வதில்லை, நேராக, அழுத்தமாக, ஆல்ட்ரிட்ஜின் இரட்டைக் கிக் டிரம்மோடு ஒட்டி நிற்கிறார். 'மிஸ்டர் குரோலி'யில் இன்னும் தெளிவு: நடுவில் ஒரு சோலோ, முடிவில் ஒரு சோலோ, இரண்டிலும் கீபோர்டு பின்னால் விரித்துப் பிடிக்கும் கார்டுகள் இல்லாவிட்டால் கிடார் தனித்துப் போயிருக்கும்.

கிடார் சத்தம் குறித்து ஒரு எச்சரிக்கை. 100 வாட் மார்ஷல் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் பெடல் என்பது ரோட்ஸின் வழி. அதில் வரும் சத்தத்துக்குக் கொஞ்சம் மணல் தேய்க்கிற கரகரப்பு உண்டு, அடிக்குரல் குறைவு. மலிவான இயர்போனில் அது எரிச்சலாகக் கேட்கும். பேஸ் ஒழுங்காக வரும் ஸ்பீக்கரில் போட்டால்தான் கிடாரும் பேஸும் ஒன்றாகச் சேர்ந்து முழு உருவம் வரும்.

இதே ஆல்பத்தில் இரண்டு பாட்டுகள் மட்டும் 1980ஆம் ஆண்டின் பிரிட்டன் சுற்றுப்பயணத்திலிருந்து எடுத்தவை: 'குட்பை டு ரொமான்ஸ்', 'நோ போன் மூவீஸ்'. அவற்றில் வாசிப்பது முதல் குழு, அதாவது பேஸில் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸில் லீ கெர்ஸ்லேக். பலர் இதைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். கவனித்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டெய்ஸ்லியின் பேஸ் தானே ஒரு ராகம் பாடிக்கொண்டு அலைகிறது. சார்சோவுடையது தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கெர்ஸ்லேக் தாளத்தைச் சற்றுப் பின்னால் சாய்த்து அடிப்பார், ஆல்ட்ரிட்ஜ் முன்னால் தள்ளுவார். பாட்டுகளை ஆஸியோடும் ரோட்ஸோடும் சேர்ந்து உருவாக்கியவர் டெய்ஸ்லி என்பதால் அவர் வாசிப்பில் ஒரு உரிமை இருக்கிறது. முதல் குழுவின் பாட்டுகள் இன்னும் நாலைந்து இதில் சேர்ந்திருக்கக் கூடாதா என்று தோன்றுவதுதான் இந்த ஆல்பத்தின்மேல் உள்ள ஒரே குறை.

'டிரிப்யூட்' பிடித்துப்போனவர்கள் அடுத்து தேட வேண்டியது ஆஸியின் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பமான 'டைரி ஆஃப் எ மேட்மேன்' 2011இல் மறுபடி வந்த லெகசி பதிப்பு. அதன் இரண்டாவது தட்டு முழுக்க 1981 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் லைவ் பதிவு, இதே ரோட்ஸ், சார்சோ, ஆல்ட்ரிட்ஜ் குழு. 'டிரிப்யூட்' அளவுக்கு மெருகு கிடையாது. கிடார் பயில்பவர்களுக்கு அதுவே நல்லது: ஒரே சோலோவை இரண்டு இரவுகளில் வாசித்ததை ஒப்பிட்டு, எது எழுதிவைத்தது, எது அன்றைக்குச் சேர்த்தது என்று பிரித்துக்கொள்ளலாம்.

1982இன் 'ஸ்பீக் ஆஃப் தி டெவில்' வேறு ரகம். பிரிட்டனில் இதன் பெயர் 'டாக் ஆஃப் தி டெவில்'; இரண்டும் ஒரே ஆல்பம்தான், இரண்டு தடவை வாங்கிவிட வேண்டாம். செப்டம்பர் 26, 27 தேதிகளில் நியூயார்க்கின் ரிட்ஸ் அரங்கில் பதிவானது. எல்லாமே பிளாக் சபாத் பாட்டுகள். ரோட்ஸ் இறந்த பிறகு பெர்னி டோர்மே சில நிகழ்ச்சிகளில் வாசித்துக் குழுவை நிறுத்திவைத்தார். அவருக்குப் பின் நைட் ரேஞ்சர் குழுவின் பிராட் கில்லிஸ் வந்தார். இந்த ஆல்பத்தில் கிடார் அவருடையது. கைப்பிடியை அமுக்கி ஸ்வரத்தை இறக்க உதவும் ஃபிளாய்ட் ரோஸ் டிரெமோலோவை ஆரம்பத்திலேயே பயன்படுத்தத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த அமைப்பில் கம்பிகள் கழுத்தின் மேல்முனையிலுள்ள நட்டிலும் உடற்பகுதியிலுள்ள பிரிட்ஜிலும் பூட்டப்பட்டிருக்கும். எவ்வளவு அமுக்கினாலும் சுருதி கலையாமல் திரும்பி வரும். சபாத்தின் கிடாரிஸ்ட் டோனி ஐயோமி அசையாத மலை மாதிரி வாசித்த ரிஃப்களின் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துண்டுகளின்) முடிவில் கில்லிஸ் அந்தக் கைப்பிடியை அமுக்கி ஸ்வரத்தைப் பாதாளத்துக்கு இறக்குகிறார். சபாத் பக்தர்களுக்கு இது பிடிக்காது. குறுகிய காலத்தில் முழுப் பட்டியலையும் கற்றுக்கொண்டு வந்து இவ்வளவு துணிவாக வாசித்ததை மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஆஸியின் சொந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லாததால் முதல் ஆல்பமாக இதை வாங்காதீர்கள்.

அடுத்த கிடாரிஸ்ட் ஜேக் ஈ. லீயின் காலத்தில் ஒரு பெரிய ஓட்டை. அவர் வாசித்த சுற்றுப்பயணங்கள் முழுநீள லைவ் இசைத்தட்டாக வரவில்லை. 1986 கான்சஸ் சிட்டி நிகழ்ச்சி 'தி அல்டிமேட் ஆஸி' என்ற வீடியோவாக மட்டும் வந்தது. அது கிடைத்தால் விடாதீர்கள். வாமி பார் (டிரெமோலோ கைப்பிடி) இல்லாத கிடாரில், நட்டுக்குப் பின்னால் கம்பியை அமுக்கி ஸ்வரத்தை வளைக்கும் அவருடைய வித்தையைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். 1995 முதல் வாசித்த ஜோ ஹோம்ஸ் காலத்துக்கும் இதே கதி.

ஜாக் வைல்ட் 1987இல் சேர்ந்தார். அவருடைய முதல் லைவ் பதிவு 'ஜஸ்ட் சே ஆஸி' (1990), ஆறே பாட்டு. அதை வாங்க ஒரே காரணம் பேஸ்: சபாத்தின் கீஸர் பட்லரே வந்து வாசிக்கிறார். 'வார் பிக்ஸ்' பாட்டை 'ஸ்பீக் ஆஃப் தி டெவில்', 'ஜஸ்ட் சே ஆஸி', 'லைவ் அண்ட் லவுட்' மூன்றிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சார்சோ, பட்லர், மைக் ஐனெஸ் என்று மூன்று பேஸ். பட்லர் கம்பியை வளைத்து இழுக்கும் இழுப்பு மற்ற இருவரிடமும் இல்லை.

முழுக் குழுவாக ஒத்து வாசிப்பதில் 'டிரிப்யூட்'டுக்கு அடுத்த இடம் 1993இன் 'லைவ் அண்ட் லவுட்' ஆல்பத்துக்குத்தான். வைல்ட், ஐனெஸ், டிரம்ஸில் ராண்டி காஸ்டிலோ, கீபோர்டில் கெவின் ஜோன்ஸ். லெஸ் பால் கிடாரில் இஎம்ஜி ஆக்டிவ் பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் பாகம்) போட்டு வாசிப்பதால் வைல்டின் சத்தம் ரோட்ஸுடையதைவிட ரொம்பத் தடிமன். பிக்கோடு கட்டைவிரல் ஓரத்தையும் கம்பியில் உரசவிட்டு வரவழைக்கும் அந்தக் கீச்சொலி அவருடைய கையெழுத்து. தன் காலத்துப் பாட்டுகளில், 'நோ மோர் டியர்ஸ்' போன்றவற்றில், அது அபாரமாகப் பொருந்துகிறது. ரோட்ஸின் பாட்டுகளில் சில இடங்களில் கூடுதல். மூச்சு விட வேண்டிய இடத்திலும் ஒரு கீச்சு வந்து உட்கார்ந்துகொள்கிறது. காஸ்டிலோ எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருப்பதால் எங்கும் சிதறவில்லை. பல இரவுகளிலிருந்து தொகுத்தது என்பதால் ஒரே கச்சேரியை உட்கார்ந்து கேட்கும் உணர்வு வராது. 'பிளாக் சபாத்' பாட்டு மட்டும் 1992 நவம்பரில் காஸ்டா மேசாவில் சபாத்தின் அசல் நால்வரும் சேர்ந்து வாசித்தது.

'லைவ் அட் புடோகான்' 2002 பிப்ரவரி 15 டோக்கியோ கச்சேரி. வைல்ட், பேஸில் ராபர்ட் ட்ரூஹியோ, டிரம்ஸில் ஃபெயித் நோ மோர் குழுவின் மைக் போர்டின், கீபோர்டில் ஜான் சின்க்ளேர். இருப்பதிலேயே கனமான தாளப்பிரிவு இதுதான். 'பிலீவர்' பாட்டு பேஸில் தொடங்கும்; 'டிரிப்யூட்'டில் சார்சோ வாசித்ததையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டால் ட்ரூஹியோவை 2003இல் மெட்டாலிகா ஏன் அழைத்துக்கொண்டது என்பது விளங்கிவிடும். மெட்டாலிகாவை விட்டு வந்திருந்த ஜேசன் நியூஸ்டெட் அந்த ஆண்டு ஆஸியின் குழுவில் பேஸ் வாசித்தார். இரண்டு குழுக்களும் ஆளை மாற்றிக்கொண்டது போல ஆகிவிட்டது. குறை என்னவென்றால் ஆஸியின் குரல் உச்ச ஸ்தாயியில் சிரமப்படுகிறது.

இந்த ட்ரூஹியோ, போர்டின் பெயர்களை வைத்தே இன்னொரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். 'பிளிஸர்ட் ஆஃப் ஆஸ்', 'டைரி ஆஃப் எ மேட்மேன்' என்ற முதல் இரண்டு ஸ்டுடியோ ஆல்பங்களின் 2002 மறுபதிப்பில், டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் வாசித்த பேஸையும் டிரம்ஸையும் அகற்றிவிட்டு இவர்கள் இருவரையும் வைத்துப் புதிதாக வாசிக்க வைத்தார்கள். ராயல்டி வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. வாசிப்பில் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் ரோட்ஸ் கிடார் வாசித்தது இந்தத் தாளத்தைக் கேட்டு அல்ல. சோலோக்களின் அடியில் அந்த ஒட்டாமை தெரிகிறது. 2011 பதிப்புகளில் அசல் வாசிப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய தட்டு விற்கும் கடைகளில் 2002 பதிப்பு இன்னும் கிடைக்கும். பின்னட்டையில் பேஸ் என்ற இடத்தில் ட்ரூஹியோ பெயர் இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். 'டைரி' ஆல்பத்தின் 1981 முதல் பதிப்பில் சார்சோ, ஆல்ட்ரிட்ஜ் பெயர்கள் அச்சாகியிருந்தால் பயப்பட வேண்டாம். அது பெயரில் நடந்த அநியாயம் மட்டும்தான், தட்டில் ஒலிப்பது டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும்தான்.